அறிக்கையின் கடைசி வரி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள உருக்காலை ஒன்றில் பணியாற்றும் என் முன்னாள் மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். மனைவிக்கு அடிக்கடி வந்த மேல்வயிற்று வலிக்காக எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கை அவர் கையில் இருந்தது. "பித்தப்பையில் கல் இல்லை, வெறும் வாயுத் தொல்லைதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள் ஐயா. ஆனால், கடைசி வரியில் ஏதோ எழுதியிருக்கிறது. இணையத்தில் தேடிப் பார்த்தேன், பயமாக இருக்கிறது" என்றார். மண்ணீரலுக்குச் செல்லும் தமனியில் 2.2 செ.மீ. அளவுக்கு 'அனியூரிசம்' இருப்பதாக அந்த வரி கூறியது. அந்த அறிக்கை நான்கு மாதங்களாக அவர் வீட்டு அலமாரியில் கிடந்திருக்கிறது. அந்தப் பெண்மணிக்கு வயது முப்பதுக்கு மேல். தம்பதியர் இரண்டாவது குழந்தையை எதிர்பார்த்திருந்தனர்.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவன். அறிக்கையை எடுத்துக்கொண்டு, அறுவைச் சிகிச்சை நிபுணரான நண்பர் ஒருவரிடம் சென்றோம். அவர் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் முதலில் கேட்ட கேள்வி: "அம்மா கருவுற்றிருக்கிறாரா?" அந்தக் கேள்வியின் பொருளை அன்று நான் அறியவில்லை. பிறகு அவர் சொல்லியும், நானே தேடிப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்வது பயன் தரும் எனக் கருதுகிறேன்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, மார்பைக் கடந்து வயிற்றுக்குள் இறங்குகிறது. அங்கே அதிலிருந்து பல கிளைகள் பிரிகின்றன. இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் ஆகிய மூன்றுக்கும் ரத்தம் கொடுக்கும் 'சீலியாக்' தமனி மேலே இருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே சிறுகுடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் மேல் குடல் தமனியும், அதையடுத்துச் சிறுநீரகத் தமனிகளும் பிரிகின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்றின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, பலூன்போலப் புடைப்பதே தமனி வீக்கம். இயல்பான அகலத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் விரிந்தால் அதை அனியூரிசம் என்கிறார்கள். காலில் நரம்பு சுருண்டு தெரியும் 'வெரிகோஸ்' நோயோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சிரைகளில் வருவது. இது தமனியில் வருவது.

பெருந்தமனியில் வரும் வீக்கம், முதியவர்களிடையே, குறிப்பாகப் புகைபிடிக்கும் ஆண்களிடையே, மருத்துவ உலகம் நன்கறிந்த ஒன்று. அதன் உள்ளுறுப்புக் கிளைகளில் வருவது அரிது. வெவ்வேறு ஆய்வுகள் மக்கள்தொகையில் 0.1 சதவீதம் முதல் 2 சதவீதம் வரையிலானோருக்கு இது இருக்கலாம் என்கின்றன. அப்படி வரும் நூறு வீக்கங்களில் ஏறத்தாழ 60 மண்ணீரல் தமனியிலும், 20 கல்லீரல் தமனியிலும் அமைகின்றன. மேல் குடல் தமனியில் ஐந்தும், சீலியாக் தமனியில் நான்கும் வரக்கூடும். எஞ்சியவை இரைப்பை, கணையம், சிறுகுடல் ஆகியவற்றின் சிறு கிளைகளில் வருபவை.

உருக்காலைகளிலும் ரசாயன ஆலைகளிலும் பணியாற்றுவோர்க்கு இதை விளக்குவது எளிது. உயர் அழுத்தத்தில் நீரோ நீராவியோ ஓடும் குழாயின் சுவர் ஓரிடத்தில் தேய்ந்தால், அந்த இடம் புடைக்கத் தொடங்கும். அகலம் கூடக்கூடச் சுவரின் மீது விழும் இழுவிசையும் கூடும். சுவரோ மேலும் மெலியும். ஒரு கட்டத்தில் வெடிக்கும். உடலுக்குள் நிகழ்வதும் இதே இயற்பியல்தான். ஆலையில் பராமரிப்புப் பிரிவு சுவரின் தடிமனை அவ்வப்போது அளந்து பார்க்கிறது. உடலில் அப்படி அளப்பார் இல்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தால்தான் உண்டு.

இந்த வீக்கங்களில் இரு வகை உண்டு. தமனிச் சுவரின் எல்லா அடுக்குகளும் சேர்ந்து புடைப்பது உண்மை வீக்கம். சுவர் கிழிந்து, வெளியே கசிந்த ரத்தத்தைச் சுற்றியுள்ள திசுக்கள் மட்டுமே தாங்கி நிற்பது போலி வீக்கம். பெயர்தான் போலியே தவிர, ஆபத்து இதில்தான் அதிகம். எந்த நேரமும் உடையலாம் என்பதால் அளவு எதுவாயினும் சிகிச்சை தேவை. முதல் வகைக்குத் தமனிச் சுவரின் நலிவு, சில பிறவிக் குறைபாடுகள், கல்லீரல் சுருக்கத்தால் ஏற்படும் உள்ளழுத்தம், தமனி அழற்சி நோய்கள் எனப் பல காரணங்கள். இரண்டாவது வகை பெரும்பாலும் கணைய அழற்சி, விபத்துக் காயம், முந்தைய அறுவைச் சிகிச்சை, தொற்று ஆகியவற்றின் பின்விளைவு. மதுப்பழக்கம் கணைய அழற்சிக்கு ஒரு முதன்மைக் காரணம் என்பதால், அப்பழக்கம் உள்ள ஒருவர் ரத்த வாந்தி எடுத்தால், அது வெறும் குடற்புண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

பெரும்பாலான உண்மை வீக்கங்கள் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. சிலருக்கு மேல்வயிற்றில் மந்தமான வலி இருக்கும். கல்லீரல் தமனி வீக்கம் பித்தக்குழாய்க்குள் உடைந்தால் வயிற்று வலி, மஞ்சள் காமாலை, கறுத்த மலம் மூன்றும் சேர்ந்து வரக்கூடும். மண்ணீரல் தமனி வீக்கம் உடையும்போது சிலரிடம் ஒரு விந்தை நிகழும். முதலில் கசியும் ரத்தம் இரைப்பைக்குப் பின்னால் உள்ள சிறு பையறைக்குள் தேங்கித் தற்காலிகமாக நிற்கும். நோயாளி சற்றுத் தேறியதுபோலத் தோன்றும். சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ அந்தத் தடுப்பும் உடைந்து வயிறு முழுவதும் ரத்தம் பாயும். இந்த இடைவெளி இயற்கை அளிக்கும் அவகாசம். அதைப் பயன்படுத்திக்கொள்ள, நோய் இன்னதென்று யாரேனும் ஐயுற வேண்டும்.

எல்லா வீக்கத்துக்கும் உடனே சிகிச்சை தேவையா என்றால், தேவையில்லை. அமெரிக்க ரத்தநாள அறுவைச் சிகிச்சைச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாக வரையறுக்கின்றன. அறிகுறி இல்லாத மண்ணீரல் தமனி வீக்கம் 3 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும். கல்லீரல் தமனி, சீலியாக் தமனி ஆகியவற்றில் இந்த எல்லை 2 செ.மீ. மேல் குடல் தமனியிலும், கணையம் - சிறுகுடல் பகுதியின் சிறு தமனிகளிலும் எந்த அளவாக இருந்தாலும் சிகிச்சை தேவை. ஏனெனில், அங்கே சிறிய வீக்கம்கூட உடையும். வலி இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ அளவு ஒரு பொருட்டே அல்ல.

இதில் முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு மண்ணீரல் தமனியில் வீக்கம் இருந்தால், அளவைப் பொருட்படுத்தாமல் சிகிச்சை அளிக்க வேண்டும் என்கின்றன அந்நெறிகள். மண்ணீரல் தமனி வீக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் தமனிச் சுவரை நெகிழச் செய்கின்றன. ரத்த ஓட்டமும் பெருகுகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அது வெடிப்பது தாய்க்கும் சேய்க்கும் பேராபத்து. பதிவான நேர்வுகளில் தாய்மார்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினரும், சிசுக்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவையும் உயிரிழந்ததாக மருத்துவ இலக்கியம் கூறுகிறது. நஞ்சுக்கொடி விலகல், கருப்பைக் கிழிசல் என்று மருத்துவர்கள் கருதி வயிற்றைத் திறந்த பிறகே உண்மை தெரியவந்த நேர்வுகள் பல. என் நண்பர் கேட்ட முதல் கேள்வியின் பொருள் இதுதான்.

சிகிச்சைக்கு வருவோம். ஆலைக் குழாய் உவமையே இங்கும் உதவும். புடைத்த குழாயைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு: இரு பக்க வால்வுகளையும் மூடி அந்தப் பகுதியை ஒதுக்கிவிடலாம், குழாய்க்குள் புதிய உறை ஒன்றைச் செருகலாம், பழுதான துண்டை வெட்டி எடுத்துப் புதிய குழாயை இணைக்கலாம். எதைத் தேர்வது என்பதை முடிவு செய்யும் கேள்வி ஒன்றே. இந்தக் குழாய் மூடப்பட்டால், அதற்கு அப்பால் உள்ள பிரிவுக்கு வேறு வழியில் நீர் போகுமா?

மண்ணீரலுக்குப் போகும். இரைப்பையின் பக்கமிருந்து வரும் சிறு தமனிகள் அதற்கு மாற்று வழியாக உள்ளன. எனவே, வீக்கத்துக்கு முன்னும் பின்னும் தமனியை மூடிவிடலாம். கல்லீரலும் ஓரளவு பாதுகாப்பானது. அதற்குத் தேவையான ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகக் கிடைக்கிறது. ஆனால், வீக்கம் தமனியின் எந்தப் பகுதியில் உள்ளது, பக்கக் கிளை திறந்திருக்கிறதா, கல்லீரல் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கிறதா என்பவற்றைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். மேல் குடல் தமனியின் நிலை வேறு. சிறுகுடலின் பெரும்பகுதி அதையே நம்பியிருக்கிறது. அதன் முதன்மைத் தண்டை மாற்று ஏற்பாடின்றி மூடினால் குடல் அழுகும். அங்கே ரத்த ஓட்டத்தைக் காக்கும் வழியையே மருத்துவர்கள் நாடுவர்.

இன்று பலருக்கும் முதல் தேர்வாக இருப்பது ரத்தக்குழாய் வழிச் சிகிச்சை. இதய ஆஞ்சியோகிராம் செய்வதைப்போலவே, தொடையிடுக்கிலோ கையிலோ உள்ள தமனியில் சிறு துளையிட்டு, மெல்லிய கதீட்டர் குழாயை உள்ளே செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி வீக்கம் உள்ள இடத்தை அடைகிறார்கள். அங்கே பிளாட்டினம் போன்ற உலோகத்தால் ஆன நுண்ணிய கம்பிச்சுருள்களை வைத்து அடைப்பது ஒரு முறை. வீக்கத்தின் முன்வாசலை மட்டும் அடைத்தால் போதாது. மாற்று வழியில் வரும் ரத்தம் பின்வாசல் வழியாக மீண்டும் நுழையும் என்பதால் இரு பக்கமும் அடைக்க வேண்டும். ரத்த ஓட்டத்தைக் காக்க வேண்டிய இடத்தில், செயற்கை உறை போர்த்திய ஸ்டென்ட்டைச் செருகி, வீக்கத்தைப் புறந்தள்ளி ரத்தம் ஓடச் செய்வது இன்னொரு முறை. சிறு தமனிகளில் உடனே உறையும் திரவப் பசையைச் செலுத்துவதும் உண்டு.

இதன் நன்மைகள் வெளிப்படை. வயிற்றைக் கீறுவதில்லை; பெரும்பாலும் முழு மயக்க மருந்து தேவையில்லை; சில நாள்களில் வீடு திரும்பலாம். கணைய அழற்சிக்குப் பின் வரும் போலி வீக்கத்தில், அழற்சியால் எல்லாம் ஒட்டிக் கிடக்கும் வயிற்றைத் திறப்பதே ஆபத்து என்பதால், இவ்வழி உயிர்காக்கும் வழியாகிறது. குறைகளும் உண்டு. மண்ணீரலின் ஒரு பகுதி ரத்தமின்றி மடியலாம். சில நாள்கள் காய்ச்சலும் வலியும் இருக்கலாம். செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சுருள்கள் காலப்போக்கில் அமுங்கி, வீக்கத்துக்குள் ரத்தம் மீண்டும் புகலாம். எனவே, 'அடைத்தாயிற்று' என்று இருந்துவிடாமல் தொடர் ஸ்கேன் எடுத்துக்கொள்வது இச்சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதி.

திறந்த அறுவைச் சிகிச்சை காலாவதியாகிவிடவில்லை. வளைந்து நெளிந்த தமனியில் கதீட்டர் போக முடியாதபோது, வீக்கம் தொற்றினால் ஏற்பட்டிருக்கும்போது, ரத்தப்போக்கினால் நோயாளியின் நிலை குலைந்து வேறு வழியில்லாதபோது, மூடக்கூடாத தமனியில் ஸ்டென்ட்டும் பொருந்தாதபோது கத்தியே கைகொடுக்கிறது. தமனியை இருபுறமும் கட்டிவிடுவது எளிய முறை. வீக்கத்தை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைப்பது அல்லது நோயாளியின் காலிலிருந்தே எடுத்த சிரையைக் கொண்டு பைபாஸ் அமைப்பது நுட்பமான முறை. வீக்கம் மண்ணீரலின் வாயிலிலேயே அமைந்திருந்தால் மண்ணீரலையும் சேர்த்து அகற்ற நேரிடும். மண்ணீரல் இல்லாதவர்களைச் சில கிருமிகள் கடுமையாகத் தாக்கும் என்பதால், நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை, இயன்றால் அறுவைக்கு இரு வாரங்களுக்கு முன்பே, போட்டுக்கொள்வது அவசியம். பின்னாளில் கடுங்காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. குணமடைய வாரங்கள் ஆகலாம் என்றாலும், திறந்த அறுவையின் பலன் நீடித்து நிற்பது. தக்க நேர்வுகளில் லேப்ராஸ்கோப் மூலமும் தமனியைக் கட்ட முடிகிறது.

இவ்வளவு தேர்வுகள் ஒரு தலைமுறைக்கு முன்பு இல்லை. 1948-இல் விஞ்ஞானி ஐன்ஸ்டீனின் வயிற்றைத் திறந்த ருடால்ஃப் நிசன் என்ற அறுவை நிபுணர், பெருந்தமனியில் பெரிய வீக்கத்தைக் கண்டார். அன்று அவரால் செய்ய முடிந்தது, அதன் மீது செலோஃபேன் தாளைச் சுற்றி, திசு வளர்ந்து இறுகட்டும் என்று விட்டதுதான். ஏழாண்டுகள் கழித்து அது உடைந்தபோது, மேலும் ஒரு அறுவைக்கு ஐன்ஸ்டீன் உடன்படவில்லை. 1955 ஏப்ரல் 18 அன்று காலமானார். 1953-இல் அமெரிக்காவின் டிபேக்கியும் கூலியும் மேல் குடல் தமனி வீக்கத்தை வெற்றிகரமாக அகற்றினர். அதே ஆண்டில் சுவீடனின் செல்டிங்கர் தமனிக்குள் ஊசி வழியே குழாய் செலுத்தும் எளிய முறையைக் கண்டறிந்தார். 1990-இல் அர்ஜென்டினாவின் பரோடி, பெருந்தமனி வீக்கத்துக்குள் உறை பொருத்தும் சிகிச்சையைச் செய்துகாட்டினார். மருத்துவம் தன் பங்கைச் செய்திருக்கிறது. அது கும்மிடிப்பூண்டித் தொழிலாளியின் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறதா என்பது பொருளாதாரக் கேள்வி.

உழைப்புப் பிரிவினைக்குச் சந்தையின் பரப்பே எல்லை என்றார் ஆடம் ஸ்மித், 1776-இல். சிற்றூரில் ஒருவரே தச்சராகவும் கொல்லராகவும் இருப்பார். பெருநகரில்தான் ஒரே வேலையில் தேர்ந்தவர்கள் உருவாக முடியும். அரிய நோய்களுக்கான மருத்துவத்துக்கு இது முற்றிலும் பொருந்தும். ஆண்டுக்கு ஓரிரு நோயாளிகளே வரும் ஒரு நோய்க்காக, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆஞ்சியோகிராம் கூடத்தையும் ரத்தநாள அறுவை நிபுணரையும் இடையீட்டுக் கதிரியக்க நிபுணரையும் அமர்த்துவது இயலாது, நல்லதும் அன்று. செய்யச் செய்யத்தான் கை தேரும். எனவே, சிகிச்சை ஓரிடத்தில் குவிந்திருப்பது தவறில்லை. கண்டறிதலும் அனுப்பிவைத்தலும்தான் எங்கும் பரவியிருக்க வேண்டும்.

இந்த வகையில் திருவள்ளூர் மாவட்டத்தின் நிலை வித்தியாசமானது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருவள்ளூரும் ஒன்று. ஆனால், கும்மிடிப்பூண்டியிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு நேர் ரயில் கிடையாது. ரயிலில் செல்ல வேண்டுமாயின் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் வழியாகச் சென்னைக்குள் வந்து, அங்கிருந்து ஆவடி மார்க்கத்தில் மீண்டும் மேற்கே போக வேண்டும். அதே மின்ரயில் நேராக வந்து நிற்கும் மூர் மார்க்கெட் வளாகத்துக்கு எதிர்ச்சாலையில், ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித் துறையுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. கல்லீரல், கணைய அறுவையில் பெயர்பெற்ற ஸ்டான்லி அரசு மருத்துவமனை வடசென்னையிலேயே இருக்கிறது. ஆக, தூரம் அன்று இங்கே தடை. எங்கே போவது என்பது தெரியாமையே தடை.

மருத்துவச் சந்தையின் அடிப்படைச் சிக்கல் இதுதான் என்று கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள தகவல் ஏற்றத்தாழ்வால், மற்றப் பொருள்களை வாங்குவதுபோல நோயாளியால் சிகிச்சையைத் தேர்ந்து வாங்க முடிவதில்லை. ஸ்கேன் மையம் தன் கடமையைச் செய்து அறிக்கையில் எழுதிவிடுகிறது. சிகிச்சை அளிப்பவர், தான் தேடிய கல் இல்லை என்றதும் அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறார். தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட அறிக்கையைச் சுமந்துகொண்டு நோயாளி வீடு திரும்புகிறார். மூவருக்கும் இடையில் அந்தக் கடைசி வரிக்குப் பொறுப்பேற்பவர் எவரும் இல்லை.

அடுத்தது பணம். ஸ்டென்ட்டும் சுருள்களும் விலை மிகுந்தவை. ஒருவருக்கே பல சுருள்கள் தேவைப்படலாம். மாத ஊதியம் ரூ.21 ஆயிரம் வரை உள்ள தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு, இந்த வரம்பு 2017-இல் நிர்ணயிக்கப்பட்டது. ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. மாதம் ரூ.22 ஆயிரம் வாங்கும் என் மாணவரைப் போன்றவரோ, இரண்டு வேலிகளுக்கும் வெளியே நிற்கிறார். தனியார் காப்பீட்டின் தவணையைக் கட்டும் வசதியும் அவருக்கு இல்லை. இப்படி 'விடுபட்ட நடுப்பிரிவினர்' நாட்டின் மக்கள்தொகையில் குறைந்தது 30 சதவீதத்தினர் என்று நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. தொழிற்பேட்டைகள் உருவாக்கும் முன்னேற்றத்தின் முதற்படியில் நிற்பவர்கள் இவர்கள். ஒரே ஒரு நோய் அந்தப் படியிலிருந்து அவர்களை இறக்கிவிடும். பிற மாநிலத் தொழிலாளர்களின் நிலை இன்னும் நலிந்தது. ஆயுஷ்மான் பாரத் அட்டை மாநில எல்லை கடந்தும் செல்லும் என்றாலும், அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

விபத்துகளையும் இங்கே நினைவுகூர வேண்டும். சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை இப்பகுதியின் ஊடாகச் செல்கிறது. சாலை விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது; பாராட்டத்தக்க திட்டம். ஆனால், கல்லீரலிலோ மண்ணீரலிலோ அடிபட்டவருக்குப் போலித் தமனி வீக்கம் சில நாள்கள், சில வாரங்கள் கழித்தும் தலைகாட்டலாம். வீடு திரும்பியவர்களுக்கு, 'மீண்டும் வயிற்று வலியோ, ரத்த வாந்தியோ, கறுத்த மலமோ வந்தால் உடனே வரவும்' என்று தமிழிலும் அவர்தம் தாய்மொழியிலும் எழுதித் தருவதற்குச் செலவு ஏதுமில்லை.

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. முதலாவதாக, அவசர முக்கியத்துவம் உள்ள தற்செயல் கண்டுபிடிப்புகளை ஸ்கேன் அறிக்கையின் முகப்பிலேயே, நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதுவதை ஸ்கேன் மையங்களுக்கு நெறிமுறையாக்க வேண்டும். பரிந்துரைத்த மருத்துவருக்கும் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். இரண்டாவதாக, மாரடைப்புச் சிகிச்சையில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையத்துடன் இணைக்கும் முறையைத் தமிழகம் ஏற்கெனவே கையாண்டிருக்கிறது. அதேபோல, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகளிலிருந்து ஸ்கேன் படங்களை சென்னை நிபுணர்களுக்கு அன்றே அனுப்பிக் கருத்துப் பெறும் ஏற்பாடு வேண்டும். மூன்றாவதாக, இ.எஸ்.ஐ. ஊதிய வரம்பும் காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பும் ஒன்றையொன்று தொடும் வகையில் திருத்தப்பட வேண்டும். வரம்பைத் தாண்டுவோர் சிறு தொகை செலுத்திச் சேரவும் வழி வேண்டும். நான்காவதாக, கர்ப்பிணிகளின் பதிவேட்டில், முன்பு எடுத்த வயிற்று ஸ்கேன் அறிக்கைகள் உண்டா என்று ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் புதிதாக சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. எடுத்ததைப் படித்தால் போதும்.

இந்நோய் இருப்பதாக அறிய வந்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில கேள்விகளே. எந்தத் தமனி? அளவு என்ன? உண்மை வீக்கமா, போலி வீக்கமா? கண்காணித்தால் போதுமா? சிகிச்சை தேவையெனில் மூடுவதா, உறை பொருத்துவதா, அறுவையா? மூடினால் அந்த உறுப்புக்கு வேறு வழியில் ரத்தம் போகுமா? அடுத்த ஸ்கேன் எப்போது? ரத்தநாள அறுவை நிபுணரும் இடையீட்டுக் கதிரியக்க நிபுணரும் சேர்ந்து முடிவெடுக்கும் மருத்துவமனையை நாடுவது நலம்.

என் மாணவரின் மனைவிக்குச் சென்னையில் உள்ள அரசு மருத்துவமனை ஒன்றில், தொடையிடுக்கு வழியே கம்பிச்சுருள்கள் வைத்துத் தமனி அடைக்கப்பட்டது. நான்காம் நாள் வீடு திரும்பினார். ஒரு வாரம் காய்ச்சலும் இடப்பக்க வலியும் இருந்தன. பிறகு அவையும் நீங்கின. அடுத்த ஆண்டு எடுத்த ஸ்கேனில் வீக்கத்துக்குள் ரத்த ஓட்டம் இல்லை என்று உறுதியான பிறகே மருத்துவர்கள் கருவுறுவதற்கு ஒப்புதல் அளித்தனர். இன்று அவர்களுடைய இளைய மகள் பள்ளிக்குச் செல்கிறாள். அந்தக் குழந்தையைக் காணும்போதெல்லாம், அலமாரியில் கிடந்த அந்த நான்கு மாதங்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன. அந்த இடைவெளியில் அவர் கருவுற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு கணவர் ஐயம் கொண்டு கடைசி வரியைப் படித்ததால் ஒரு குடும்பம் பிழைத்தது. தனிமனிதரின் ஐயத்தை நம்பி ஒரு மாநிலத்தின் மருத்துவ அமைப்பு இருக்கலாகாது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).